நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் என்னதான் மாறுகிறது? எது வயது, எது நோய்?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு 47 வயது. இதுவரை கண்ணாடி போட்டதில்லை, இப்போது செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. முகம் பார்க்கும்போது கருவிழியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரிகிறது. அவருடைய அப்பாவுக்கு 72. அவரோ இருபத்தைந்து வருடமாகப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கண்ணோடு பேப்பர் படிக்கிறார். "வளர்ந்து முடிந்த கண் மாறாது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இதெல்லாம் வயதா நோயா, அப்பாவுக்குக் கண் பலமாகிவிட்டதா?" என்று கேட்கிறார்.

கண் பரிசோதனை அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அப்பா விஷயத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், இடையில் உள்ளது புரிந்தால்தான் அது புரியும்.

வளர்ந்த கண் மாறாது என்பது கண்ணின் வெளி அளவைப் பற்றிய பேச்சு, அந்த அளவில் அது கிட்டத்தட்ட சரி. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக 16, 17 மில்லிமீட்டர் இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே பெரும்பகுதி வளர்ந்துவிடும், மீதி பதின்பருவம் வரை மெதுவாக நடக்கும், முடிவில் 24 மில்லிமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்குள்ளேயே 22 முதல் 25 வரை வித்தியாசம் உண்டு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது, நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடி பவரில் இரண்டரை, மூன்று டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) மாறிவிடும். 26ஐத் தாண்டும் கண்களில் விழித்திரையும் கூடவே இழுபட்டு மெலிந்திருக்கும், அதனால்தான் அதிக மைனஸ் பவர்காரர்களை வருடா வருடம் வரச் சொல்கிறோம். "அவளுக்குப் பெரிய கண்" என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வளர்ந்த கண்ணின் வடிவம்கூட மாறும் ஒரு விசித்திரமான இடம் விண்வெளி. மாதக்கணக்கில் அங்கே தங்கும் வீரர்கள் சிலருக்குக் கண்ணின் பின்பக்கம் லேசாகத் தட்டையாகி, கிட்டப் பார்வை மங்குகிறது.

சரி, தரையில் இருப்பவர்களுக்கு வருவோம். வெளி அளவு மாறாவிட்டாலும் உள்ளே ஒவ்வொரு பாகமும் தன் போக்கில் வயதாகிறது. அதில் முதலிடம் லென்ஸுக்கு.

கண்ணில் உள்ள லென்ஸ் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மரத்தில் வளையம் கூடுவதுபோல் வெளிப்பக்கம் புதுப்புது அடுக்கு சேர்ந்துகொண்டே போகும். தோலில் பழைய செல் உதிர்ந்துவிடும், லென்ஸில் உதிர இடமில்லை, பழையது உள்ளே தள்ளப்பட்டு நெருக்கப்படும். நடுவில் இருக்கும் புரதம் நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டானது, அதற்கப்புறம் மாற்றப்படவே இல்லை. கிரீன்லாந்து சுறாவின் வயதை 2016இல் கண்டுபிடித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான்: கண் லென்ஸின் மையத்தில் உள்ள கார்பனை அளந்து, ஒரு சுறாவுக்குக் குறைந்தது 270 வயதாவது இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

நம் லென்ஸுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை, ஆனால் பிறக்கும்போது இருந்த எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு முதுமையில் கூடிவிடுகிறது. இளமையில் நாலு மில்லிமீட்டருக்குள் இருந்த தடிமன் ஐந்தை நெருங்கும். தடிப்பது, இறுகுவது, மஞ்சளாவது என்று இந்த மூன்றும் சேர்ந்துதான் நாற்பதுக்கு மேல் நாம் சொல்லும் புகார்களில் பாதியை உண்டாக்குகின்றன.

இறுகுவதால் வருவதுதான் வெள்ளெழுத்து. வீட்டுப் பெரியவர்கள் சாளேஸ்வரம் என்பார்கள். கிட்டப் பார்க்கும்போது லென்ஸ் புடைத்துத் தன் பவரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து வயதில் 12 டயாப்டருக்கு மேல்கூடக் கூட்ட முடியும், நாற்பதில் அது ஐந்தை ஒட்டி வந்துவிடும், ஐம்பத்தைந்து அறுபதில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். 40 சென்டிமீட்டரில் படிக்க இரண்டரை டயாப்டர் வேண்டும், சக்தியில் பாதியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டால்தான் கண் வலிக்காமல் நீண்ட நேரம் படிக்கலாம், ஆக ஐந்து வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் அந்தக் கணக்கு உதைக்கிறது. திடீரென்று வந்ததுபோல் தோன்றினாலும் சரிவு குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது, உங்களுக்கு 47 வயது வரை அந்தக் குறைவு தெரியாமல் ஓடியது, அவ்வளவுதான். கண் பயிற்சி செய்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இறுகிப்போனது லென்ஸ், பயிற்சி கொடுத்தால் வேலை செய்வது தசை.

தடிப்பதால் வரும் தொல்லை வெளியே தெரியாது. லென்ஸ் முன்னோக்கித் தடிக்கும்போது கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் கோணம் குறுகும். சின்னக் கண் உள்ளவர்களுக்கு, அதாவது பிளஸ் பவர்காரர்களுக்கு, ஏற்கெனவே இடம் நெருக்கடி. அவர்களில் சிலருக்கு ஒருநாள் அந்த வடிகால் சட்டென்று அடைத்து, கண் சிவந்து, கடும் தலைவலியும் வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வளையமுமாக வரும். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. அது அவசர நிலைமை.

மஞ்சளாவது இன்னும் நைசாக நடக்கும், யாரும் உணரவே மாட்டார்கள், ஏனென்றால் மூளை அதற்கு ஏற்ப வண்ணங்களைச் சரிசெய்துகொண்டே வருகிறது. ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று சொன்னார்கள், அவர் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டது 1923இல். இடைப்பட்ட காலத்தில் வரைந்தவை சிவப்பும் பழுப்புமாகக் கனத்துப் போயிருப்பதைப் பார்த்தாலே தெரியும். இன்றும் ஒரு கண்ணில் புரை எடுத்தவர்கள் மறுநாள் கட்டுப் பிரித்ததும் வெள்ளைச் சுவரை ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்ப்பார்கள், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் டீக்கறை.

இத்தோடு கண்மணியும், அதாவது நடுவில் வெளிச்சம் நுழையும் ஓட்டையும், சுருங்குகிறது. இருட்டில் இளைஞருக்கு 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணி, எண்பது வயதில் ஐந்துகூட எட்டாது. சின்னக் கண்மணி, மஞ்சள் லென்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் "லைட்டைப் போடு" என்று சொல்லும்போது "இவ்வளவு வெளிச்சம் போதாதா" என்று கேட்காதீர்கள். உண்மையிலேயே அவருக்குப் போதாது.

இப்போது உங்கள் சாம்பல் வளையம். முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பேச்சில் கருவிழி என்றால் கண்ணில் கறுப்பாகத் தெரியும் வட்டம் முழுவதும். கண் மருத்துவத்தில் கருவிழி என்பது அதன் மேல் கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் நிறமே இல்லாத படலம், கண் தானத்தில் எடுப்பது அதைத்தான். பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான குறுக்களவு, நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமன். அதன் ஓரத்தில் கொழுப்பு படிவதால் வருவதுதான் நீங்கள் பார்த்த வளையம். பார்வையை அது தொடாது. அறுபது எழுபதில் பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான், அப்போது அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஐம்பதுக்குள் வந்தால் மட்டும் ரத்தத்தில் கொழுப்பு அளவைப் பார்த்துவிடுவது நல்லது, ஆகவே 47இல் நீங்கள் ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, சாக்குப்போக்கும் வேண்டாம்.

இந்த வளையத்தில் ஒரு வேடிக்கை. அது எப்போதும் இரண்டு கண்ணிலும் வர வேண்டியது. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால், இல்லாத பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்: அந்தப் பக்கத்துக் கழுத்து ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, கொழுப்பு வந்து படியும் அளவுக்குக்கூட ரத்தம் போகாமல் இருக்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயதையும் நோயையும் பிரிக்க என்னிடம் இருக்கும் முதல் கருவியே இதுதான். வயது இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து, மெதுவாக, வரவேண்டிய காலத்தில் வரும். நோய் பெரும்பாலும் ஒரு பக்கமாகவோ, சட்டென்றோ, காலத்துக்கு முந்தியோ வரும்.

இதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். வயதானால் மேல் இமை தொங்கும், கீழ் இமைக்கு அடியில் கொழுப்பு பிதுங்கிப் பை கட்டும், கண் கொஞ்சம் உள்வாங்கும், எல்லாமே இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் நடப்பவை. ஆனால் ஒரு பக்க இமை மட்டும் ஒரே நாளில் விழுந்து, ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்துக் கண்மணி பெரிதாகவும் இருந்தால் மூளையின் ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அழுத்துகிறதோ என்று பார்ப்பார்கள்.

கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லும் அப்படித்தான். நாலு மில்லிலிட்டர் அளவு, அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சம் மெல்லிய நார்ப்பின்னல். ஐம்பது அறுபதுக்கு மேல் அது நீர்த்து, சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையிலிருந்து விடுபடும். மைனஸ் பவர்காரர்களுக்கு இது முன்னாடியே நடக்கும். கண் முன்னால் பூச்சி பறக்கிறது, நூல் மிதக்கிறது என்று வருபவர்களில் மிகப் பலருக்கு இதுதான், பழகிவிடும். ஆனால் விடுபடும்போது விழித்திரையையும் கிழித்துக்கொண்டு போகும் வாய்ப்பு உண்டு. புதிதாகப் பூச்சிக் கூட்டம், மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை இறங்குவது மாதிரி இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

கருவிழியின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன, தண்ணீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பது அவற்றின் வேலை. இளமையில் சதுர மில்லிமீட்டருக்கு 3000 இருக்கும், வருடத்துக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும், செத்தது செத்ததுதான், மறுபடி உண்டாகாது. இருந்தாலும் இயற்கை தாராளமாகக் கொடுத்திருக்கிறது, 500ஐ ஒட்டிக் குறைந்தால்தான் கருவிழி ஊதி மங்கும். பார்வை நரம்பிலும் இதே கதை. பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகளோடு தொடங்கி, வருடத்துக்குச் சில ஆயிரம் போனாலும் நூறு வயது வரை தாங்கும். கிளாக்கோமா என்பது அந்த இழப்பு வேகமெடுப்பது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: பார்வை நரம்பின் நடுவில் உள்ள குழி சிலருக்குப் பிறவியிலேயே பெரிது. நரம்பின் தலை பெரிதாக இருந்தால் குழியும் பெரிதாக இருக்கும், அதில் நோய் எதுவும் இல்லை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு "கிளாக்கோமா இருக்கலாம்" என்று சொல்லப்பட்டு வருடக்கணக்கில் கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் நாங்கள் தேடுவது இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும்தான். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. பகலுக்கும் வண்ணத்துக்கும் கூம்புச் செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள். மையத்தை ஒட்டிய பகுதியில் வயதோடு அதிகம் குறைவது குச்சிச் செல்கள்தான். இரவில் வண்டி ஓட்டுவது கஷ்டமாக இருக்கிறது, பகலில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று ஐம்பதுக்கு மேல் சொல்பவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு, எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசுவது லென்ஸின் பங்கு. விழித்திரைக்கு அடியில் கழிவு சேர்ந்து மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவதும் வயதின் அடையாளமே. ஓரிரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, பெரிதாகவும் நிறையவும் இருந்தால் நடுப் பார்வை போகும் நோயின் தொடக்கம். அந்த நோய்க்கான காரணங்களில் நீங்கள் மாற்றக்கூடிய பெரிய காரணம் புகை பிடிப்பது.

இனி உடல்நலம். நான் சொன்ன "இரண்டு கண்ணிலும் மெதுவாக வந்தால் வயது" என்ற விதியில் இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது. சர்க்கரை நோய் இரண்டு கண்ணிலும் மெதுவாகத்தான் வரும், வலி கிடையாது, பார்வையும் வெகுநாள் குறையாது. விழித்திரையின் நுண்குழாய்கள் பலமிழந்து, குமிழ் விட்டு, கசிந்து, மையம் வீங்கும் வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் நடுவயதில் வரும் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த அன்றே விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறோம், எத்தனை வருடமாக ஒளிந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸும் ஊதி இறங்கும், பவர் வாரத்துக்கு ஒன்று வரும். சர்க்கரை ஒரு நிலைக்கு வருவதற்குள் கண்ணாடி வாங்கினால் காசு தண்டம்.

கிளாக்கோமாவின் பொதுவான வகையும் அப்படித்தான் சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். ஆகவே விதியை நம்பி வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நாற்பதுக்கு மேல் ஒருமுறையாவது கண் அழுத்தம், நரம்பு, விழித்திரை மூன்றையும் பார்த்திருக்க வேண்டும்.

ரத்தக் கொதிப்பு வேறு விதம். உடலில் ரத்தக்குழாயை அறுக்காமல் நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அதைப் பார்க்கும் கருவியைக் கொடுத்ததிலிருந்து மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொதிப்பு பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் தமனி குறுகித் தடித்து, குறுக்கே போகும் சிரையை அமுக்கி நெரித்திருப்பது தெரியும். 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தை மட்டும் கணினிக்குக் காட்டி ஆளின் வயதை ஏறக்குறைய மூன்று வருட வித்தியாசத்துக்குள் சொல்ல வைத்தார்கள், ஆணா பெண்ணா என்பதையும். எங்கள் கண்ணுக்கு விழித்திரையில் ஆண் பெண் வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரிகிறது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தைராய்டு கோளாறில் கண்ணைச் சுழற்றும் தசைகள் தடித்து, கண் முன்னே தள்ளி, வெள்ளை அதிகமாகத் தெரியும், புகை பிடித்தால் இன்னும் மோசமாகும். ரத்தசோகையில் கீழ் இமையின் உட்புறம் வெளுக்கும். மஞ்சள் காமாலையில் வெள்ளை மஞ்சளாகும், வயதானாலும் கொழுப்பு சேர்ந்து லேசாக மஞ்சளிக்கும், ஆனால் காமாலை மஞ்சள் ஒரே சீராக இருக்கும், சில நாளில் ஏறியிருக்கும். கர்ப்ப காலத்தில் கருவிழி கொஞ்சம் நீர் கோத்துப் பவர் மாறலாம், பிரசவத்துக்குப் பிறகு சில வாரத்தில் திரும்பிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் வறட்சி அதிகம். வறண்ட கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும் என்றால் யாரும் நம்புவதில்லை, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, எரிச்சலில் கண் வேறு கண்ணீரைக் கொட்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குப் புரையும் கண் அழுத்தமும் வரலாம், மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் ஐந்து வருடத்துக்கு அப்புறம் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

அப்பா விஷயம். அவருக்குக் கண் பலமாகவில்லை. லென்ஸின் நடுப்பகுதி, அந்தப் பிறப்புக்கு முந்தைய பழைய மையம், நெருங்கி நெருங்கி ஒளியை அதிகமாக வளைக்க ஆரம்பித்திருக்கும், அதனால் கண் மைனஸ் பக்கம் நகர்ந்து, படிக்கிற கண்ணாடி செய்த வேலையை லென்ஸே செய்கிறது. கண்புரையின் ஒரு வகை இது. கிட்டத்தில் லாபம் வந்த அளவுக்குத் தூரத்தில் நஷ்டம் வந்திருக்கும், அவர் கவனித்திருக்க மாட்டார். எதிர்ச் சுவரில் உள்ள கடிகாரத்தில் மணி என்ன என்று ஒவ்வொரு கண்ணையும் மூடிக் கேட்டுப் பாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை, இந்தச் சுகம் ஓரிரு வருடம்கூட இருக்கலாம், பிறகு மங்கும், அப்போது அறுவை சிகிச்சை. ஆனால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள், பவர் இப்படி நகர அதுவும் ஒரு காரணம். சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கிறாரா என்றும் கேளுங்கள், ஆண்கள் பலர் இந்த வயதில் எடுக்கிறார்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், புரை எடுக்கும்போது அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தினாலும் அந்தக் குணம் போகாது.

இருவருமே ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு முழுதாகப் பார்த்துவிடுங்கள். போட்டால் நாலைந்து மணி நேரம் மங்கலும் கூச்சமுமாக இருக்கும், ஆகவே ஒரே நாளில் இரண்டு பேரும் போட்டுக்கொள்ள வேண்டாம், திரும்பி வரும்போது வண்டி ஓட்ட ஒருவராவது வேண்டும்.